ஃபியூஸ் போச்சுன்னா, புதுசு சொருகறதுக்கு முன்னாடி போனதை ஒரு தடவை உத்துப் பாருங்க

பழைய கார் வச்சிருக்கறவங்க கிட்ட ஃபியூஸ் பத்திப் பேச்செடுத்தா முக்கால்வாசிப் பேர் சொல்றது ஒன்னுதான், "அதுல என்னங்க இருக்கு, போனதைப் பிடுங்கிப் போட்டுட்டு புதுசு சொருகணும், அவ்வளவுதானே". சில நேரம் நிஜமாவே அவ்வளவுதான். ஆனா நான் பாத்த வரைக்கும் இருபது முப்பது வருஷம் ஓடின வண்டியில ஃபியூஸ் தானா வயசாகிப் போறது கம்மி, ஏதோ ஒன்னு அதைப் போக வச்சிருக்கறது அதிகம், அதை விட அதிகம் எதுன்னா ஃபியூஸ் போயே இருக்காது, அது உக்காந்திருக்கற கிளிப் கெட்டுப் போயிருக்கும், நாம ஃபியூஸைத் திட்டிக்கிட்டு இருப்போம். இந்த மூனையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா பழைய வண்டியோட எலக்ட்ரிக்கல் தலைவலியில பாதி குறைஞ்சுடும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது தெரியாததால தான் எல்லா அபத்தமும் நடக்குது. ஃபியூஸ் இருக்கறது ரேடியோவைக் காப்பாத்தவோ வைப்பர் மோட்டாரைக் காப்பாத்தவோ இல்ல, அதுக்குப் போற ஒயரைக் காப்பாத்தத்தான். 12 வோல்ட் தானே, தொட்டா ஷாக் கூட அடிக்காதேன்னு அலட்சியமா இருப்போம், ஆனா அதே பேட்டரி ஷார்ட் ஆச்சுன்னா நூத்துக்கணக்கான ஆம்பைக் கொட்டும். ஒயர் மேல இருக்கற பிவிசி உறை நூறு டிகிரி பக்கத்துலயே தள்ளாட ஆரம்பிச்சுடும். ரெண்டு கால் வச்ச பிளாஸ்டிக் பிளேட் ஃபியூஸுக்குள்ள இருக்கற துத்தநாகப் பட்டை ஏறக்குறைய 420 டிகிரியில உருகும், அதுவும் குட்டிப் பட்டைங்கறதால கண் மூடித் திறக்கறதுக்குள்ள அந்தச் சூட்டை எட்டிடும். ஃபியூஸ் இல்லன்னு அங்க ஒரு காப்பர் ஒயரை முறுக்கி வச்சீங்கன்னா, காப்பர் உருகணும்னா 1085 டிகிரி வேணும், அது உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே டேஷ்போர்டுக்கு அடியில போற மொத்த ஒயர் கட்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டிப் புகைஞ்சிருக்கும். சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்கற வெள்ளித் தாளை ஃபியூஸ் மேல சுத்தி வச்சுட்டு "ஓடுது பாத்தியா"ன்னு பெருமையா சொல்றவங்களை நான் பாத்திருக்கேன். ஓடும், அதுல சந்தேகமே இல்ல. அடுத்த ஷார்ட் வர்ற வரைக்கும் ஓடும்.

கணக்கும் பெருசா ஒன்னுமில்ல, வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்ப். பிரேக் லைட் பல்ப் ஒன்னு 21 வாட், ரெண்டு சேந்து 42, அதை 12-ஆல வகுத்தா 3.5 ஆம்ப். ஹெட்லைட் லோ பீம் 55 வாட் வீதம் ரெண்டு, 110 வாட், 9 ஆம்ப் சொச்சம். இப்ப வெளிச்சம் பத்தலன்னு யாரோ பேச்சைக் கேட்டு 100 வாட் பல்ப் ரெண்டு மாட்டறீங்கன்னு வச்சுக்குவோம், 200 வாட், பதினாறே முக்கால் ஆம்ப் கிட்ட வருது. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே 15 ஆம்ப் ஃபியூஸ் இருக்கற வண்டியா இருந்தா அது உடனே போகும்னு நெனைப்பீங்க, போகாது, அதான் இதுல இருக்கற வம்பே. 15-ன்னு எழுதியிருந்தா பதினாறாவது ஆம்ப்ல டப்புனு போயிரும்னு ஒரு நெனைப்பு எல்லாருக்கும் இருக்கு. அப்படிக் கிடையாது. பிளேட் ஃபியூஸ் எழுதியிருக்கற அளவுக்கு மேல பத்து சதவீதம் கூடுதலா போனாலும் மணிக்கணக்கா தாங்கணும்னு தான் அதைச் செய்யறாங்க, 135 சதவீதம் போனா பத்து நிமிஷம் வரைக்கும் கூட இழுக்கலாம், ரெண்டு மடங்கு போனா தான் அஞ்சு செகண்டுக்குள்ள கண்டிப்பா போயாகணும். அதனால அந்த 100 வாட் பல்ப் கேஸ்ல ஃபியூஸ் பாட்டுக்கு சூடாவே ஓடிக்கிட்டு இருக்கும், அதைப் பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் பழுப்பாகும், ஸ்விட்ச்சுக்குள்ள கான்டாக்ட் கருகும், ஒரு நாள் ஃபியூஸ் போகும், உடனே 30 போடுவாங்க. அதுக்கப்புறம் அந்த சர்க்யூட்ல ஃபியூஸ் வேலையை ஒயர் தான் பாக்கணும்.

பழைய கார்ன்னு சொல்றோமே, அதுல எந்த வகை ஃபியூஸ் இருக்குங்கறதே பெரிய விஷயம். இன்னைக்கு நாம சாதாரணமா பாக்கற ரெண்டு கால் வச்ச பிளாஸ்டிக் பிளேட் ஃபியூஸ் 1976-ல லிட்டில்ஃபியூஸ் கம்பெனி கொண்டு வந்தது, அதுக்கப்புறமும் பல வருஷம் பழைய வகை ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வண்டிகள்ல கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்கும், இல்லன்னா ஐரோப்பிய வண்டிகள்ல வர்ற ரெண்டு முனையும் கூம்பா இருக்கற பீங்கான் ஃபியூஸ், ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல எல்லாம் இதுதான், உடம்பு மேல ஒரு மெல்லிசு உலோகப் பட்டை வெளியிலயே தெரியற மாதிரி ஓடும்.

பிளேட்ல நிறத்தைப் பாத்தே ஆம்ப் சொல்லிடலாம், 5 இளம்பழுப்பு, 7.5 நல்ல பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமே இல்லாம தெளிவா இருக்கும், 30 பச்சை. மேல நம்பரும் எழுதியிருப்பாங்க. பீங்கான்லயும் நிறம் உண்டு, ஆனா அது வேற கணக்கு, மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. அதாவது பிளேட்ல சிவப்பு 10, பீங்கான்ல சிவப்பு 16. ரெண்டு வகை வண்டியும் வீட்டுல நிக்கறவங்க கையில எடுக்கறதுக்கு முன்னாடி நம்பரைப் படிச்சுடறது நல்லது.

கண்ணாடிக் குழாய்ல இன்னொரு கூத்து இருக்கு, இது பலருக்குத் தெரியாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல லூகாஸ் கம்பெனி ஃபியூஸ்ல 35-ன்னு போட்டிருந்தா அது எந்த ஆம்ப்ல உடையும்னு போட்டிருக்காங்க, தொடர்ந்து தாங்கற அளவு அதுல பாதி, 17.5 ஆம்ப் தான். அமெரிக்க முறையில 35-ன்னா தொடர்ந்து 35 தாங்கும். பாக்க ரெண்டும் ஒன்னுதான், நீளம், தடிமன் எல்லாம் பொருந்தும், கிளிப்ல அழகா உக்காரும். எம்ஜிபி மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டிக்குள்ள 35-ஐப் பாத்து 35-ஏ வாங்கி மாட்டினா வேண்டியதை விட ரெண்டு மடங்கு போட்டாச்சுன்னு அர்த்தம். அமெரிக்காக்காரன் இதுல கொஞ்சம் யோசிச்சிருக்கான், அங்க ஒரு வகை கண்ணாடி ஃபியூஸ்ல ஆம்ப் கூடக் கூட நீளமும் கூடும், 9 போட வேண்டிய இடத்துல 20 போடவே முடியாது, உக்காராது. பிளேட் வந்தப்ப இந்த நல்ல யோசனையை விட்டுட்டு நிறத்தோட நிறுத்திக்கிட்டாங்க, எனக்கு அதுல இன்னமும் வருத்தம் தான். அப்புறம் அந்தக் கால பிரிட்டிஷ் வண்டி சிலதுல மொத்தமே ரெண்டு ஃபியூஸ் தான், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, அதனால ஹெட்லைட் எரியலன்னு ஃபியூஸ் பாக்ஸைக் குடைஞ்சு பிரயோஜனமில்ல.

சரி, ஏதோ ஒன்னு வேலை செய்யல. ஃபியூஸ் பாக்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு நிமிஷம் உக்காந்து இருக்கற எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹீட்டர் ஃபேன், டேஷ்போர்டு விளக்கு, எல்லாம். பழைய வண்டியில ஃபியூஸ் கம்மி, ஒரே ஃபியூஸ்ல நாலஞ்சு விஷயத்தைத் தொங்க விட்டிருப்பாங்க. பிரேக் லைட்டும் ஹாரனும் ஒன்னா நின்னு போச்சுன்னா ஃபியூஸ் பக்கம் பாருங்க, பிரேக் லைட் மட்டும் ஒரு பக்கம் எரியுது இன்னொரு பக்கம் எரியலன்னா அது பல்ப், அதுக்கு ஃபியூஸைத் தொட வேண்டியதே இல்ல. லைட் மங்கலா எரியுது, இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து துடிக்குதுன்னா அது எர்த் பிரச்சனை, அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற இணைப்பு சரியில்ல. எர்த் மோசமானா கரண்ட் குறையுமே தவிர கூடாது, அதனால அது ஃபியூஸைப் போக வைக்காது.

பாக்ஸ் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில டிரைவர் முழங்கால் பக்கம், இல்லன்னா கிளவ் பாக்ஸ் பின்னாடி, இல்லன்னா பானெட்டுக்குள்ள பேட்டரி பக்கத்துல, சில வண்டியில ரெண்டு இடத்துலயும். பிடுங்கறதுக்கு முன்னாடி அந்த சர்க்யூட்டை ஆஃப் பண்ணிடுங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது பிடுங்கினா கிளிப்ல பொறி தெறிக்கும், அந்தப் பொறி விழுந்த இடம் பின்னாடி கருப்பாகும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க, மூடிக்குள்ளயே ஒரு பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும், அது தொலைஞ்சிருந்தா சின்ன நோஸ் பிளையர் முனையில டேப் சுத்திக்கிட்டு இழுங்க.

இப்ப டெஸ்ட் பண்றது. எல்லாரும் ஒன்னொன்னா பிடுங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு திரும்பச் சொருகறாங்க, பழைய பாக்ஸ்ல அது நல்ல பழக்கம் இல்ல, ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் கிளிப்போட பிடிமானம் கொஞ்சம் தளரும். பிளேட் ஃபியூஸ் தலையில ரெண்டு குட்டி ஓட்டை இருக்கும், அதுக்குள்ள உலோகம் தெரியும், அது டெஸ்ட் பண்றதுக்குன்னே விட்டது. டெஸ்ட் லேம்ப்னா ஒரு பக்கம் கூர் முனையும் இன்னொரு பக்கம் ஒயர்ல கிளிப்பும் இருக்கற குட்டி பல்ப், அதோட கிளிப்பை நல்ல சுத்தமான பாடி எர்த்ல மாட்டிக்கிட்டு, இக்னிஷனை ஆன் பண்ணி, முனையை ரெண்டு ஓட்டையிலயும் மாத்தி மாத்தி வைங்க. ரெண்டுலயும் எரிஞ்சா ஃபியூஸ் நல்லாருக்கு. ஒன்னுல எரியுது இன்னொன்னுல எரியலன்னா ஃபியூஸ் போயிருச்சு. ரெண்டுலயும் எரியலன்னா அவசரப்பட்டு ஃபியூஸைக் குத்தம் சொல்லாதீங்க, அதுக்கு கரண்டே வரல, ஒன்னு ஹெட்லைட் ஸ்விட்ச் போட்டாத்தான் வர்ற சர்க்யூட்டா இருக்கும், இல்லன்னா அதுக்கு முன்னாடி இருக்கற ரிலேயோ இக்னிஷன் ஸ்விட்ச்சோ பெரிய ஃபியூஸோ போயிருக்கும்.

மல்டிமீட்டர் இருக்கே அதுல பாத்தா என்னன்னு கேப்பீங்க. பாக்கலாம், ஃபியூஸை வெளிய எடுத்து கண்டின்யூட்டியில, அதாவது கரண்ட் போக வழி இருந்தா சத்தம் போடற செட்டிங்ல வச்சா பீப் அடிக்குதான்னு பாக்கறதுக்கு அதை மிஞ்ச ஒன்னுமில்ல. ஃபியூஸ் பாக்ஸ்லயே இருக்கும்போது மட்டும் கண்டின்யூட்டி வைக்காதீங்க, பல்ப் வழியா சுத்திப் போய் பீப் அடிச்சு ஏமாத்தும், கரண்ட் வேற இருந்தா மீட்டருக்கும் கேடு. ஆனா பழைய வண்டிக்கு நான் முதல்ல கையில எடுக்கறது டெஸ்ட் லேம்ப் தான், அதுவும் எல்இடி வச்சது இல்ல, உள்ள நிஜ பல்ப் இருக்கற பழைய மாடல். காரணம் இருக்கு. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது, அதனால களிம்பு ஏறி ஒரே ஒரு மயிரிழை தொட்டுக்கிட்டு இருக்கற கான்டாக்ட்லயும் அழகா 12 வோல்ட் காட்டும். பைப்புக்குள்ள முக்கால்வாசி அடைச்சிருந்தாலும் குழாயைத் திறக்காத வரைக்கும் அழுத்தம் முழுசா காட்டற மாதிரி. டெஸ்ட் லேம்ப் கொஞ்சமாவது கரண்டை இழுத்துப் பாக்கும், கான்டாக்ட் ரொம்ப மோசமா இருந்தா மங்கலா எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஏர்பேக் இருக்கற வண்டியில மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் பக்கம் டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டே போகாதீங்க, எஞ்சின் கம்ப்யூட்டர் ஒயர்லயும் வேண்டாம், அங்க மீட்டர் தான்.

கண்ணாடி ஃபியூஸ்ல கண்ணை நம்பாதீங்க. நடுவுல கம்பி முழுசா தெரியும், ஆனா மூடிக்குள்ள சால்டர் விட்டுப் போயிருக்கும், வெளிய இருந்து பாத்தா நூத்துக்கு நூறு நல்ல ஃபியூஸ். லேசா உலுக்கினா சில நேரம் திரும்ப ஒட்டிக்கும், மேடு பள்ளத்துல ஏறினா விட்டுடும், "சில நாள் வேலை செய்யுது சில நாள் செய்யல"ங்கற புகார்ல கணிசமானது இதுதான்.

போன ஃபியூஸை உத்துப் பாருங்கன்னு தலைப்புலயே சொன்னேன், அது தான் மொத்தப் பதிவுலயும் எனக்குப் பிடிச்ச விஷயம். கையில வச்சு வெளிச்சத்துல பாருங்க. பட்டை நடுவுல சுத்தமா ஒரு சின்ன இடைவெளி, ரெண்டு பக்கமும் உருண்டையா உருகியிருக்கு, பிளாஸ்டிக் தெளிவா இருக்குன்னா, மெதுவா சூடாகிப் போயிருக்கு, அதாவது ஓவர்லோடு, ஏதோ மோட்டார் இறுகியிருக்கு, இல்லன்னா அந்த ஃபியூஸ்ல வாங்க வேண்டியதை விட யாரோ அதிகம் வாங்கறாங்க. பட்டையையே காணோம், பிளாஸ்டிக் உள்பக்கம் கருப்பா, வெள்ளிப் பொடி தூவின மாதிரி தெறிச்சிருக்குன்னா அது நேரடி ஷார்ட், ஒயர் எங்கயோ பாடியைத் தொட்டிருக்கு. பட்டையில மயிர் மாதிரி ஒரு விரிசல் மட்டும் இருந்தா அது வயசு, வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி அலுத்துப் போய் விட்டிருக்கு, இதுக்கு மட்டும் புதுசு போட்டுட்டு நிம்மதியா கிளம்பலாம். நாலாவது ஒன்னு இருக்கு, பட்டை நல்லாருக்கு, ஆனா கால் பக்கத்துல பிளாஸ்டிக் உருகிக் கோணியிருக்கு. அது ஃபியூஸோட தப்பே இல்ல, கிளிப் லூஸ்.

அந்த லூஸ் கான்டாக்ட்ல எவ்வளவு சூடு வரும்னு கேட்டா நம்ப மாட்டீங்க. கிளிப்ல 0.1 ஓம் தடை வந்துருச்சுன்னு வச்சுக்குங்க, ஒன்னுமே இல்லாத மாதிரி தெரியுது இல்ல, அதுல 10 ஆம்ப் ஓடினா 10 வாட் சூடு, நகத்தளவு இடத்துக்குள்ள, பிளாஸ்டிக் நடுவுல. கூடவே 1 வோல்ட் அங்கயே தின்னு போயிடும், ஹெட்லைட் மங்கும், நாம பல்பை மாத்துவோம். இதைப் பிடிக்க லோடு ஓடிக்கிட்டு இருக்கும்போது மீட்டரை வோல்ட்ல வச்சு, ஒரு முனை ஃபியூஸுக்கு வர்ற ஒயர்லயும் இன்னொன்னு போற ஒயர்லயும் வைங்க, 0.1 வோல்ட் சுத்தி இருந்தா கவலையில்ல, அரை வோல்ட் காட்டுச்சுன்னா சுத்தம் பண்ணியாகணும்.

சுத்தம் பண்ணும்போது பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, பாசிட்டிவை முதல்ல கழட்டாதீங்க, ஸ்பேனர் பாடியில பட்டா வாண வேடிக்கை தான். கிளிப்ல பச்சைக் களிம்பு இருந்தா நைஸ் உப்புத்தாளைச் சின்னப் பட்டையா கிழிச்சு மடிச்சு உள்ள விட்டு ரெண்டு இழுப்பு இழுங்க, ஊதி விட்டு கான்டாக்ட் கிளீனர் அடிங்க, அப்புறம் கிளிப்போட வாயை மெல்லிசா ஒரு தடவை அமுக்கி விடுங்க. அமுக்கறதுல அளவா இருங்க, பித்தளை வயசானா உடையும். பீங்கான் ஃபியூஸ் வச்ச வண்டியில கருவியே இல்லாம ஒரு வைத்தியம் இருக்கு, ஏதாவது வேலை செய்யலன்னா ஃபியூஸை அதோட இடத்துலயே விரலால நாலு சுத்து சுத்துங்க, கூம்பு முனையில படிஞ்சது உராஞ்சு போய் கான்டாக்ட் வந்துடும். அதுல பட்டை அலுமினியமா இருந்தா இந்தத் தொல்லை அடிக்கடி வரும், பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 வச்சிருக்கறவங்க அலுமினியத்தையெல்லாம் எடுத்துட்டு காப்பர் பட்டை ஃபியூஸ் போடறது இதனால தான், அதே ஆம்ப்ல.

புதுசு மாட்டறதுக்கு என்னோட சட்டம் ஒன்னே ஒன்னு. அதே ஆம்ப்ல ஒரு தடவை மாட்டிப் பாக்கலாம். அது தாங்கினா சரி. அதுவும் போச்சுன்னா மூனாவதை மாட்டறதுல அர்த்தமில்ல, தேட ஆரம்பிக்கணும்.

எப்படித் தேடறதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். நண்பன் ஒருத்தன், பழைய ஹேட்ச்பேக் வச்சிருக்கான், டெயில் லைட் ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்குன்னு போன் பண்ணினான். "மச்சான், புதுசு போட்டேன்டா, நேத்து நைட்டு திரும்பப் போயிருச்சு, பேசாம பத்துக்குப் பதிலா இருபது போட்டுடட்டுமா"ன்னான். "இருபது போட்டா ஃபியூஸ் போகாதுடா, ஒயர் போகும், நான் வர்ற வரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இரு"ன்னு சொல்லிட்டுப் போனேன். போன ஃபியூஸை அவன் டேஷ்போர்டு மேலயே வச்சிருந்தான், நல்ல வேளை. உள்ள கருப்பு, ஓரத்துல பளபளன்னு குட்டிக் குட்டி உலோகத் துளி. ஷார்ட், சந்தேகமே இல்ல.

அந்த சர்க்யூட்ல பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் விளக்கு, அவ்வளவுதான். 21 வாட் பல்ப் ஒன்னு ஹோல்டரோட, அதுல ரெண்டு ஒயர், ஒயர் முனையில ரெண்டு பிளேட் டெர்மினல், இதை நான் டூல் பெட்டியிலயே வச்சிருக்கேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல இதைச் சொருகிடணும். இதோட அழகு என்னன்னா ஷார்ட்டே ஆனாலும் பல்ப் ரெண்டு ஆம்புக்குக் கீழ தான் விடும், ஒயருக்கு ஒன்னும் ஆகாது, ஒரு டஜன் ஃபியூஸைக் காவு கொடுக்க வேண்டியதும் இல்ல. பார்க்கிங் லைட் போட்டா இந்த பல்ப் மங்கலா எரியும், ஏன்னா மத்த பல்புங்க வழியா போய்த்தான் எர்த் ஆகுது. முழு வெளிச்சத்துல எரிஞ்சா, நடுவுல எதுவும் இல்லாம நேரா எர்த் ஆகுதுன்னு அர்த்தம்.

போட்டோம், மங்கலாத்தான் எரிஞ்சுது. அப்ப ஷார்ட் எப்பவும் இல்ல, வந்து வந்து போகுது. நான் ஒயரைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே பின்னாடி போனேன், அவன் முன்னாடி உக்காந்து பல்பைப் பாத்துக்கிட்டு இருந்தான். முன்பக்கம் ஒன்னுமில்ல, உள் கார்ப்பெட் ஓரம் ஒன்னுமில்ல, டெயில் லைட் ஹோல்டரைத் தட்டிப் பாத்தேன் ஒன்னுமில்ல. டிக்கிக் கதவைத் தூக்கினேன், பாதி ஏறும்போது அவன் கத்தினான், "டேய் எரியுதுடா, பளிச்சுனு". முழுசா தூக்கினா திரும்ப மங்கிடுச்சு.

கூரைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் போகும் பாருங்க, மடிப்பு மடிப்பா, அதுக்குள்ள தான் பின்பக்க ஒயர் எல்லாம் போகுது. கதவைத் திறக்கற ஒவ்வொரு தடவையும் எல்லா ஒயரும் ஒரே இடத்துல மடங்கும். ரப்பரைப் பின்னுக்கு இழுத்தா நாலஞ்சு ஒயர்ல உறை வெடிச்சிருக்கு, அதுல நம்பர் பிளேட் லைட் ஒயர் மட்டும் உறை சுத்தமா கழண்டு, காப்பர் இழை பச்சை பூத்து, பாதி இழை அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு, நீட்டிக்கிட்டு இருக்கற அந்த நுனி கீல் உலோகத்துல கோடு போட்ட மாதிரி ஒரு கருப்புத் தழும்பு வச்சிருக்கு. டேப் சுத்திட்டு வந்துடலாம்னு அவன் சொன்னான், வேண்டாம்னுட்டேன், மடங்கற இடத்துல டேப் நிக்காது. கெட்ட பகுதியை மொத்தமா வெட்டி எடுத்துட்டு, மெல்லிசு இழை நிறைய இருக்கற வளையற ஒயரா பாத்து கொஞ்சம் நீளமா விட்டு, ரெண்டு சால்டர் ஜாயின்ட்டையும் ரப்பருக்கு வெளிய, மடங்காத இடத்துல வர்ற மாதிரி வச்சோம், ஏன்னா சால்டர் ஏறின ஒயர் கம்பி மாதிரி விறைச்சுடும், மடக்கினா அங்கயே உடையும். மேல சுருங்கற ட்யூப் போட்டு சூடு காட்டி ஒட்டினோம். பல்பைக் கழட்டிட்டு அதே 10 ஆம்ப் சிவப்பு ஃபியூஸ்.

பழைய வண்டியில ஷார்ட் தேடணும்னா இந்த மாதிரி அசையற இடங்களை முதல்ல பாருங்க, டிக்கிக் கீல், கதவுக் கீல், சீட்டுக்கு அடியில போற ஒயர். அடுத்து யாரோ எப்பவோ சேத்து மாட்டின சமாச்சாரங்கள், ஸ்டீரியோ, ஃபாக் லைட், அலாரம், ஒயரைக் கடிச்சுப் பிடிக்கற அந்தக் குட்டி பிளாஸ்டிக் கிளிப். சிகரெட் லைட்டர் ஃபியூஸ் போச்சுன்னா உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, காசு விழுந்து கிடக்கும். ஓவர்லோடு வகைன்னா மோட்டாரைப் பாருங்க, வைப்பர் இணைப்புல கிரீஸ் காய்ஞ்சு இறுகியிருக்கும், ஹீட்டர் ஃபேனுக்குள்ள காய்ஞ்ச இலை போயிருக்கும், மோட்டார் சுத்த முடியாம திணறும்போது தான் கரண்டை அள்ளும், நல்லா சுத்தறப்ப கம்மியாத்தான் எடுக்கும்.

எல்லாமே ஒரேயடியா செத்துப் போச்சு, பேட்டரி நல்லாருக்குன்னா ஃபியூஸ் பாக்ஸை விட்டுட்டு பேட்டரி பக்கத்துக்குப் போங்க. அங்க ஃப்யூஸிபிள் லிங்க்னு சாதாரண ஒயர் மாதிரியே ஒரு துண்டு இருக்கும், போல்ட் போட்டு இறுக்கின பெரிய ஃபியூஸாவும் இருக்கலாம். லிங்க்கைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க, ரப்பர் மாதிரி நீண்டா உள்ள உருகிப் போச்சு. அதை சாதாரண ஒயரால ஜாயின்ட் போடாதீங்க, அதே அளவுல லிங்க் தான் போடணும், அதுவும் அது ஏன் போச்சுன்னு தெரிஞ்ச பிறகு. இது கை பழகாதவங்க வேலை இல்ல, எலக்ட்ரீஷியன் கிட்ட விட்டுடுங்க. பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடி ரேடியோவைத் திறக்கற ரகசிய எண், அதான் ரேடியோ கோடு, கையில இருக்கான்னு ஒரு வார்த்தை பாத்துக்குங்க, தொண்ணூறுகள்ல வந்த ரேடியோ நிறைய கோடு இல்லாம திரும்பப் பாடாது.

மூடியில இருக்கற ஸ்டிக்கர்ல எழுத்து இன்னும் தெரிஞ்சா இன்னைக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. அழிஞ்சு போயிருந்தா ஒரு நாள் சாவகாசமா ஒவ்வொன்னா பிடுங்கி எது நிக்குதுன்னு பாத்து எழுதி வைங்க, எழுதும்போது இப்ப மாட்டியிருக்கறது எத்தனை ஆம்ப்னும், ஓனர்ஸ் மேனுவல்ல எத்தனைன்னு போட்டிருக்குன்னும் சேத்து எழுதுங்க, உங்களுக்கு முன்னாடி வண்டி வச்சிருந்தவர் என்னென்ன பண்ணியிருக்கார்னு அப்பத்தான் தெரியும். ஒன்னு ரெண்டு ஃபியூஸைப் பிடுங்கியும் எதுவுமே நிக்கலன்னா குழம்பாதீங்க, உங்க மாடல்ல கொடுக்காத சன்ரூஃபுக்கோ சீட் ஹீட்டருக்கோ போட்ட இடமா இருக்கும்.